முனைக்கு ஒரு பொட்டு

திருப்பரங்குன்றம்
19 ஜனவரி 2025

அன்புள்ள சோலை அண்ணனுக்கு,

உன் தங்கை சரண்யாதேவி எழுதுகிறேன். இங்கே நானும் உன் மாப்பிள்ளையும் சுகம். நாக்பூர் குளிரில் நீ எப்படி இருக்கிறாய்? மீனா மதினிக்கு இருமல் நின்றதா?

கடிதத்தைக் கிழித்துவிடாதே. கார்த்திகையில் அழகர்கோவிலில், பதினெட்டாம்படிக் கருப்பன் கதவுக்கு முன்னால் நின்று நீ என்ன சொன்னாய்? "அந்தச் சனியன் என்னைக்கு வானத்துல பறக்குதோ அன்னைக்குத்தான் உன்கூட ஒரு வார்த்தை பேசுவேன். கருப்பன் மேல சத்தியம்." பேசமாட்டேன் என்றுதான் சொன்னாய். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது என்று பூசாரியிடமே போய்க் கேட்டுவிட்டேன். "எழுதுறது பேச்சுல சேராதும்மா" என்றார். போனில் தட்டி அனுப்பலாமா என்றதற்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுல குரலும் போகுது, மூஞ்சியும் தெரியுது, வேணாம்" என்று சொல்லிவிட்டார். அதனால்தான் தபால்.

நீ சனியன் என்று சொன்ன பெட்டிகளைப் பிரித்தாயிற்று. இரண்டு பேர் உட்காரும் விமானம், துண்டு துண்டாகக் கார் ஷெட்டில் கிடக்கிறது. கார் தெருவில் நிற்கிறது. இறக்கையின் எலும்புகளை அடுக்கி ரிவெட் அடிக்க ஆரம்பித்துவிட்டேன். கிளினிக்கில் எனக்கு உதவியாக இருக்கும் ராக்கம்மாள்தான் டார்ச் பிடிக்கிறாள். இறக்கைக்குள் எட்டிப் பார்க்கப் பல் பார்க்கும் கண்ணாடி அவ்வளவு தோதாக இருக்கிறது.

ஏன் இந்த வேலை என்று அன்றைக்குக் கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் சத்தியம் பண்ணிவிட்டாய். இப்போது சொல்கிறேன். காலையிலிருந்து இருட்டும்வரை அடுத்தவர் வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தூரமாக எதையாவது பார்க்க வேண்டும், அண்ணே. ஓட்டக் கற்று லைசென்சும் வாங்கிவிட்டேன். என் கையால் செய்த ஒன்றில் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது இருக்கை உனக்கு.

மதினிக்கு என் அன்பைச் சொல்லவும்.
தேவி


நாக்பூர்
2 மார்ச் 2025

தங்கச்சி தேவிக்கு,

அண்ணன் ஆசீர்வாதம். நாங்கள் இருவரும் நலம். உன் மதினியின் இருமல் போய், இப்போது எனக்கு வந்திருக்கிறது. மாப்பிள்ளையின் முட்டி வலி எப்படி?

நிற்க. கிழிக்கத்தான் போனேன். மதினி பிடுங்கிக்கொண்டாள். பூசாரியிடம் போய்ச் சட்டம் கேட்டு வந்திருக்கிறாயே, பல் டாக்டருக்குப் படித்ததற்கு வக்கீலுக்குப் படித்திருக்கலாம்.

எனக்குத் தரை போதும். இருக்கையை வேறு யாருக்காவது கொடு.

ஒன்று மட்டும் கேட்கிறேன், தெரிந்துகொள்ள இல்லை, உனக்குத் தெரியுமா என்று பார்க்க. நான் ஓட்டுகிற கூட்ஸ் வண்டிக்குச் சக்கரம் சுற்றுவதை வைத்து வேகம் தெரியும். ஆகாயத்தில் என்ன சுற்றும்? எதை வைத்து வேகம் பார்ப்பாய்? ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டியா?

இப்படிக்கு,
சோலை


திருப்பரங்குன்றம்
11 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே சுகம், அங்கேயும் அப்படியே இருக்கட்டும். இருமலுக்கு மிளகைப் பொடி செய்து தேனில் குழைத்துச் சாப்பிடு. உன் மாப்பிள்ளையின் முட்டி அப்படியேதான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தும்போது வலிப்பதில்லையாம், எனக்கு அலுமினியத் தகடு தூக்கும்போதுதான் வலிக்கிறதாம்.

நல்ல கேள்வி கேட்டாய். கையை நீட்டுவது என்று கேலியாக எழுதினாய், கிட்டத்தட்ட அதேதான். இடது இறக்கைக்கு அடியில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு குழாய் முன்னால் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். அதன் முனையில் சின்ன ஓட்டை. எதிர்க்காற்று அதற்குள் போய் அழுத்தும். எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு வேகம் என்று முள் காட்டும். வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால் இறக்கை தாங்காது, மூக்கு கவிழ்ந்துவிடும். அதனால் ஓட்டுகிறவருக்கு அந்த முள்தான் உயிர்.

நேற்று வால் பகுதியை முடித்துவிட்டேன். ராக்கம்மாள் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எக்கா, இது எம்புட்டு லேசா இருக்கு, இதுலயா போகப்போற?" என்றாள். லேசாக இருந்தால்தானே போக முடியும் என்றேன். அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

இன்னும் கேள்வி இருந்தால் கேள். இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

தேவி


நாக்பூர்
20 மே 2025

தங்கச்சி தேவிக்கு,

ஆசீர்வாதம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, இன்ஜினுக்குள் உட்கார முடியவில்லை. மற்றபடி சுகம். நீயும் மாப்பிள்ளையும் மோர் குடியுங்கள்.

இரண்டு மாதமாகப் பதில் எழுதவில்லை என்று வருத்தப்பட்டிருப்பாய். எழுத உட்கார்ந்தால் அந்தக் குழாய் ஞாபகம்தான் வருகிறது. ஓர் ஓட்டையை நம்பியா ஒரு ஆள் மேலே போவது?

உனக்கு ஒன்று சொல்கிறேன். நான் வண்டியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறவன். பிரேக் போட்ட பிறகும் வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். தண்டவாளத்தில் மாடு நிற்பது தெரியும், ஆள் நிற்பது தெரியும். ஹாரன் அடிப்பதைத் தவிர கையில் வேறு ஒன்றும் இருக்காது. வேகம் உடம்பை என்ன செய்யும் என்று பார்த்தவன் நான். இதை நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்குக் கோபத்தில் சத்தியம் பண்ணவில்லை. பயத்தில் பண்ணினேன். என்னோடு பேசாமல் உன்னால் இருக்க முடியாது, அதனால் விட்டுவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். நீ என்னடா என்றால் ரிவெட் அடித்துக்கொண்டிருக்கிறாய்.

முதல் தடவை அதை யார் ஓட்டப்போகிறார்கள்? அதை மட்டும் எழுது.

சோலை


திருப்பரங்குன்றம்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் உடம்பும் மதினி உடம்பும் நன்றாக இருக்கக் கருப்பனை வேண்டிக்கொள்கிறேன். நாங்கள் சுகம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். பல் பிடுங்க வந்திருந்த ஆள் பயந்துபோய் எழுந்து நின்றுவிட்டார். வேறொன்றும் எழுதத் தெரியவில்லை, அதனால்தான் தாமதம்.

இன்ஜின் மாட்டியாயிற்று. வாலைக் கயிற்றால் வேப்பமரத்தில் கட்டிப் போட்டு முதல்முறை ஓடவிட்டோம். வால் தெருப்பக்கம் பார்த்து நின்றதை நான் யோசிக்கவில்லை. முன்விசிறியின் காற்று அப்படியே பின்னால் அடித்து, எதிர்வீட்டில் காயப்போட்டிருந்த கூழ்வடகம் முழுக்க அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. அந்த அம்மா வந்து, "டாக்டரம்மா, பறக்கவிடணும்னா உங்க வண்டியப் பறக்கவிடுங்க, எங்க வடகத்த ஏன் விடுறீக?" என்று சத்தம் போட்டது. நானே அரிசி ஊறவைத்து வடகம் போட்டுக் கொடுத்தேன். விமானத்தைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது.

நீ கேட்டதற்குப் பதில்: பெங்களூரில் அனுபவமுள்ள ஒருவர் இருக்கிறார். முதல் தடவை அவர் ஓட்டுவார். கவலைப்படாதே.

தேவி


நாக்பூர்
5 அக்டோபர் 2025

தங்கச்சி தேவிக்கு,

இங்கே சௌக்கியம். ஆயுத பூஜை முடிந்தது. இந்த வருடமும் என் இன்ஜினுக்கு நான்தான் மாலை போட்டு, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் எல்லாம் பொட்டு வைத்தேன். எது முன்னால் போகிறதோ அதுதான் முதலில் அடி வாங்கும், அதற்குத்தான் காவல் வேண்டும். அங்கே நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

பெங்களூர்க்காரர் பேர் என்ன?

சோலை


திருப்பரங்குன்றம்
28 டிசம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மார்கழிக் குளிரில் உன் மாப்பிள்ளைக்கு முட்டி பிடித்துக்கொண்டது. தைலம் போட்டுச் சமாளிக்கிறார். எனக்கு ஒன்றும் இல்லை. உங்கள் இருவருக்கும் சுகம்தானே?

பெரிய செய்தி. சோதிக்க வந்த அதிகாரிகள் ஒவ்வொரு மூலையாகப் பார்த்துவிட்டு அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் காட்டில் ஒரு மில்காரர் தனக்கென்று ஓடுதளம் போட்டு வைத்திருக்கிறார். அவருக்கு இரண்டு கடைவாய்ப் பல் நான்தான் கட்டினேன். "வாங்க டாக்டர், சும்மாதான கெடக்கு" என்றுவிட்டார். மழையில் கரிசல் சேறாகிக் கிடந்தது, இப்போது காய்கிறது. இறக்கையைக் கழற்றி லாரியில் ஏற்றிப் போய் அங்கே மாட்டப் போகிறோம்.

பிப்ரவரி எட்டாம் தேதி ஞாயிறு காலை. காற்று எழும்புவதற்கு முன்னால்.

மதினிக்கு நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன்.

தேவி


நாக்பூர்
26 ஜனவரி 2026

தங்கச்சி தேவிக்கு,

ஆசீர்வாதம். ஊறுகாய் வந்தது, உப்பு ஒரு கை கூட. நாங்கள் நலம்.

பேர் கேட்டேன், நீ எழுதவில்லை. மறுபடி கேட்கவில்லை.

இத்துடன் ஒரு பொட்டலம் இருக்கிறது. அன்று சத்தியம் பண்ணி முடித்ததும் பூசாரி கருப்பன் கதவில் சாத்திய சந்தனத்தில் ஓர் உருண்டை என் கையில் கொடுத்தார். நம் வீட்டுச் சாமி அலமாரியில் வைத்திருந்தேன். பன்னீர் விட்டுக் குழைத்து, விமானத்துக்கு வைக்கச் சொல்லு. மாப்பிள்ளை கையால் வைக்கட்டும், அவருக்குத்தான் பக்தி. மூக்கு, சக்கரம், இறக்கை, வால், முனைக்கு ஒரு பொட்டு. நீட்டிக்கொண்டிருக்கிற எதையும் விட்டுவிட வேண்டாம்.

எனக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

சோலை


திருப்பரங்குன்றம்
12 பிப்ரவரி 2026

அன்புள்ள அண்ணனுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தாயா? இராத்திரி ரயிலில் தூங்கினாயா? ஓடினதில் கால் வலிக்கிறதா? இங்கே எல்லோரும் நலம். நலம் என்று எழுதுவதெல்லாம் போதாது, அண்ணே. அப்படி இருக்கிறோம்.

நீ அங்கேயே நின்றாய், எல்லாம் பார்த்தாய். ஆனாலும் நீ பார்க்காதது கொஞ்சம் இருக்கிறது, அதை எழுத வேண்டும்.

சனிக்கிழமை நான் எல்லாச் சோதனையும் முடித்த பிறகுதான் உன் மாப்பிள்ளை பூஜை போட்டார். கணக்கு வாத்தியார் இல்லையா, நீ எழுதியதில் ஒரு வரி குறையாமல் செய்தார். மூக்கு, சக்கரம், வால். கடைசியில் இடது இறக்கைக்கு அடியில் குனிந்து, "இதுவும் நீட்டிக்கிட்டுத்தான இருக்கு" என்று அந்தக் குழாயின் நுனியிலும் கொழுக்கட்டை பிடித்த மாதிரி ஒரு பொட்டு. படம் எடுத்து, திருமங்கலம் வரை போய் டவர் கிடைத்ததும் மதினிக்கு அனுப்பிவிட்டு வந்தார்.

ஞாயிறு விடிந்ததும் நான் விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். குழாயையும் பார்த்தேன். ஓட்டை திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டிய இடம் அது. ஆனால் கருப்பன் கோயில் சந்தனத்தைக் கண்டதும் கை தானாகப் போய்த் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. கும்பிட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போய்விட்டேன். ஒரு வருடமாக அதைக் கட்டியவள் நான். வெட்கமாக இருக்கிறது.

ஏறி உட்கார்ந்து இன்ஜினைப் போட்டுவிட்டேன். அப்போதுதான் தூசியைக் கிளப்பிக்கொண்டு டாக்சி வந்தது. நீ வந்திருப்பாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, விசிறிக்கு முன்னால் வராமல் பக்கவாட்டில், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாய். நான் இன்ஜினை அணைத்தேன். என் முகத்தைப் பார்க்காமல் நேரே இறக்கைக்கு அடியில் போய் அந்தக் குழாயைக் காட்டினாய். அப்புறம் உன் தலையில் நீயே அடித்துக்கொண்டாய். ஒரு வார்த்தை இல்லை.

உன் மாப்பிள்ளை வெளிறிப்போய், "நீட்டிக்கிட்டிருக்கிற எதையும் விடவேணாம்னு மச்சான்தான எழுதியிருந்தாரு" என்றார். ராக்கம்மாள் என் பையைத் திறந்து, வேர் சிகிச்சைக்கு வைத்திருக்கும் முடி மாதிரி மெல்லிய அரத்தை எடுத்துக் கொடுத்தாள். எத்தனையோ பல்லில் எத்தனையோ வேரைச் சுத்தம் செய்திருக்கிறேன். கை நடுங்கியது அன்றைக்குத்தான். நீ டார்ச் பிடித்தாய். சந்தனம் பொடிப்பொடியாக வந்தது. மெதுவாக ஊதிப் பார்த்தோம், உள்ளே முள் அசைந்தது.

அதற்குப் பிறகு நான் பயந்தது உனக்குத்தான். பெங்களூர்க்காரர் என்று யாரும் இல்லை. உனக்குத் தெரிந்துவிட்டது. "எறங்கு" என்று நீ சைகை காட்டியிருந்தால் இறங்கியிருப்பேன், சத்தியமாக. நீ ராக்கம்மாள் தோளில் கிடந்த கிளினிக் பச்சைத் துணியை உருவினாய். ஓடுதளத்தின் ஓரத்தில் போய் நின்று, ரயில் கார்டு கொடி காட்டுகிற மாதிரி நீட்டி ஆட்டினாய். அப்போதே எனக்குப் பாதி பறந்த மாதிரி ஆகிவிட்டது.

மேலே போனதும் என்ன தெரிந்தது தெரியுமா? மழை பெய்த வருடம் அல்லவா, கண்மாய் எல்லாம் நிறைந்து கிடந்தது, வரிசையாகக் கண்ணைப் பறித்தது. பருத்திக்காடு. நான்கு வழிச் சாலையில் லாரிகள். வடக்கே நம் திருப்பரங்குன்றம் மலை, அதற்கும் அப்பால் நீலமாக அழகர்மலை. முள் ஒழுங்காகக் காட்டியது. நான் சத்தம் போட்டுச் சிரித்தேன், பக்கத்து இருக்கையில் கேட்க ஆள் இல்லை. திரும்பிக் கீழே பார்த்தால் ஓடுதளத்தோடு ஒரு வெள்ளை வேட்டி ஓடிக்கொண்டிருந்தது, கையில் பச்சைத் துணி. நான் போகிற பக்கமெல்லாம் ஓடினாய்.

இறங்கும்போது ஒருமுறை துள்ளியது, பார்த்திருப்பாய். அது என் பிழை, விமானத்தின் பிழை இல்லை.

எல்லோரும் உன் வாயைத்தான் பார்த்தோம். பறந்தாயிற்று, சத்தியம் தீர்ந்தது. நீ வாயைத் திறந்தாய், மூடினாய், என் தலையில் ஒருமுறை கை வைத்தாய், டாக்சியில் ஏறிப் போய்விட்டாய். மில்காரர் போட்ட காபி அப்படியே ஆறிப்போனது. ஏன் அண்ணே பேசவில்லை? இன்னும் கோபமா?

தேவி


நாக்பூர்
21 பிப்ரவரி 2026

என் தங்கம் தேவிக்கு,

நான் நலம். கால் வலி இரண்டு நாள் இருந்தது, மதினி வெந்நீர் ஊற்றினாள். நீ சுகம் என்று இனிமேல் நம்புவேன்.

கோபம் இல்லை.

மில்காரருக்கு எத்தனை பல் கட்டினாய் என்றுகூட எழுதுகிறவள் நீ. பெங்களூர்க்காரருக்குப் பேர் எழுதவில்லை என்றதுமே அப்படி ஒருவர் இல்லை என்று புரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் ரயில் ஏறினேன். உன்னைத் தடுத்து நிறுத்தத்தான் வந்தேன், அதை மறைக்கவில்லை. சனிக்கிழமை ராத்திரி வண்டியில் இருக்கும்போது மதினி அந்தப் படத்தை அனுப்பினாள். சாமி கும்பிட்டுவிட்டுப் பெரிசாக்கிப் பார்த்தேன். நீ மார்ச்சில் எழுதிய கடிதம் பையில்தான் இருந்தது. குழாய், முனை, ஓட்டை. என் சந்தனம். காவலுக்கு அனுப்பியது உன் மூச்சையே அடைத்துக்கொண்டு நிற்கிறது.

மாப்பிள்ளைக்கு அடித்தேன், டவர் இல்லை. உனக்கும் அடித்தேன். ஆமாம், சத்தியத்தை மீறி உனக்கே அடித்தேன், கருப்பன் என்னை என்ன செய்தாலும் சரி என்று. அணைத்து வைத்திருந்தாய். திண்டுக்கல்லில் வண்டியைச் சிக்னலில் போட்டுவிட்டான். இத்தனை வருடத்தில் முதல்முறையாக ஓர் இன்ஜின் டிரைவரை நான் திட்டினேன். எதிரில் இருந்தவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

தடுக்க வந்தவன் ஏன் பச்சை காட்டினேன் என்று கேட்பாய். நீ அந்த ஓட்டையைச் சுத்தம் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவசரம் இல்லை, அலட்டல் இல்லை. துடைத்தாய், பார்த்தாய், மறுபடி துடைத்தாய். கை நடுங்கியது என்று எழுதியிருக்கிறாய், எனக்குத் தெரியவில்லை. இப்படிப் பார்க்கிறவளை நம்பி என் வண்டியையே கொடுப்பேனே என்று தோன்றியது. அப்புறம் எப்படித் தடுப்பது?

நீ மேலே போனதும் நான் அழுதேன். மாப்பிள்ளையிடம் தூசி என்று சொன்னேன். இறங்கினதும் பேசத்தான் நினைத்தேன். வாயைத் திறந்தால் மில் ஆட்கள் முன்னால் ஓவென்று கத்தியிருப்பேன். பதினைந்து மாதமாகச் சேர்த்து வைத்தது, அங்கே கொட்ட முடியவில்லை. அதனால் ஓடிவந்துவிட்டேன்.

உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. அதை எழுத மாட்டேன், வாயால்தான் கேட்பேன். ஞாயிற்றுக்கிழமை காலை போனை அணைத்து வைக்காதே.

உன் அண்ணன்,
சோலை


திருப்பரங்குன்றம்
2 மார்ச் 2026

அன்புள்ள மீனா மதினிக்கு,

தேவி வணக்கம். இங்கே எல்லோரும் மிக மிக நலம். இத்துடன் நார்த்தங்காய் ஊறுகாய், இந்தமுறை உப்புக் குறைவு. கூழ்வடகமும் வைத்திருக்கிறேன், எதிர்வீட்டு அம்மா பிரியமாகக் கொடுத்தது.

நேற்று அண்ணன் போன் செய்தார். கொஞ்ச நேரம் இருமல் மட்டும் கேட்டது. அப்புறம் அந்தக் குரல், எவ்வளவு நாளாயிற்று மதினி அதைக் கேட்டு! "தேவி, பக்கத்து சீட்டு இன்னும் காலியாத்தான இருக்கு?" என்றார். இம் என்று மட்டும் சொன்னேன். "அப்ப சித்திரைக்கு வாரேன். சந்தனம் கொண்டாரல" என்று வைத்துவிட்டார்.

உங்களிடம் ஓர் உதவி. அண்ணனின் எடை எவ்வளவு என்று நீங்கள் பார்த்து எழுதுங்கள். அவரிடம் கேட்டால் குறைத்துத்தான் சொல்வார். எனக்குச் சரியாகத் தெரிய வேண்டும், அவரை ஏற்றிக்கொண்டு பறக்க வேண்டும்.

உங்கள் அன்பு,
தேவி